பச்சைக் கட்டத்தை நம்பும் முன்: ஏர்ஃப்ளோ தரவுப் பாய்வுகளுக்குத் தானியங்கிச் சோதனை

தரவுப் பாய்வு நடுவில் நின்றுவிட்டால் யாராவது கவனித்துவிடுவார்கள். திரையில் சிவப்புக் கட்டம் வரும், காலை அறிக்கை வராது, கணக்குப் பிரிவிலிருந்து போன் வரும். ஆனால் நிற்காமல் ஓடி முடிந்து, எல்லாக் கட்டத்தையும் பச்சையாகக் காட்டிவிட்டு, தவறான நாளின் விற்பனையைக் கணக்கில் ஏற்றிவிடும் பாய்வுதான் பெரிய சேதம் செய்யும். மாத முடிவில் வாட் (மதிப்புக் கூட்டு வரி) கணக்கு ஒத்துப்போகாதபோதுதான் அது வெளியே வரும். அதற்குள் ஒரு மாதத் தரவைத் தோண்டித் திருத்த வேண்டியிருக்கும்.

மொரிசியஸில், எபேனிலோ போர்ட் லூயியிலோ தரவுப் பொறியாளராக முதல் வேலையில் சேர்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். பைத்தான் ஓரளவு தெரியும், வேலைகளை நேரப்படி வரிசையாக ஓட்டும் கருவியான அப்பாச்சி ஏர்ஃப்ளோவில் ஒன்றிரண்டு பாய்வுகள் எழுதியிருக்கிறீர்கள், சோதனை மட்டும் எழுதியதில்லை என்று வைத்துக்கொள்கிறோம். சர்வரில் ஏற்றிவிட்டு, ஓடுகிறதா என்று பார்க்கும் பழக்கத்தை விட்டு, ஏற்றும் முன்பே இயந்திரத்தைச் சோதிக்க வைப்பதுதான் நோக்கம்.

உதாரணத்துக்கு ஒரு பாய்வு

ஒரு கற்பனை உணவகக் குழுமத்தை எடுத்துக்கொள்வோம். போர்ட் லூயி, ரோஸ் ஹில், க்யூர்பிப், மாஹேபூர்க், கிராண்ட் பே என ஐந்து கிளைகள். ஒவ்வொரு கிளையின் பில்லிங் இயந்திரமும் கடை மூடிய பிறகு ஒரு சிஎஸ்வி கோப்பை அனுப்பும். கிராண்ட் பே கிளை மட்டும் நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும். இது பின்னால் முக்கியமாகும்.

பாய்வில் ஐந்து வேலைகள்: கோப்பு வந்ததா என்று பார்ப்பது, படிப்பது, சுத்தம் செய்வது, வாட் தொகையைப் பிரிப்பது, தரவுக் கிடங்கில் ஏற்றுவது. எந்த வேலைக்குப் பின் எது என்று அம்புக்குறி போட்டுச் சொல்லும் பைத்தான் வரையறையைத்தான் ஏர்ஃப்ளோ ‘டாக்’ என்கிறது. அம்புகள் சுற்றி வந்து புறப்பட்ட இடத்தையே தொடக்கூடாது என்பது அதன் அடிப்படை விதி.

முதலில் இடத்தைத் தயார் செய்யுங்கள்

ஏர்ஃப்ளோ விண்டோஸில் நேரடியாக ஓடாது. விண்டோஸ் மடிக்கணினி என்றால், அதற்குள் லினக்ஸை ஓட்ட டபிள்யூஎஸ்எல் 2 அல்லது டாக்கர் வேண்டும். லினக்ஸ், மேக் என்றால் நேராகவே போடலாம். சர்வரில் இருக்கும் ஏர்ஃப்ளோ பதிப்பும் பைத்தான் பதிப்பும் எதுவோ அதையே உங்கள் கணினியிலும் போடுங்கள். சோதனை ஒரு பதிப்பிலும் சர்வர் வேறு பதிப்பிலும் ஓடினால் அந்தச் சோதனைக்கு மதிப்பில்லை. நிறுவும்போது ஏர்ஃப்ளோ குழு ஒவ்வொரு பதிப்புக்கும் வெளியிடும் கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் கோப்பையும் (துணைத் தொகுப்புகளின் பதிப்புகளைக் கட்டிவைக்கும் பட்டியல்) சேர்த்துக் கொடுங்கள். அது இல்லாமல் நிறுவினால் துணைத் தொகுப்புகளின் புதிய பதிப்புகள் உள்ளே வந்து, நேற்று ஓடியது இன்று ஓடாமல் போகும்.

அடுத்து கோப்புறைகள். டாக் கோப்புகளுக்கு ஒன்று, கணக்கிடும் நிரலுக்கு ஒன்று, சோதனைகளுக்கு ஒன்று என்று மூன்றாகப் பிரியுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் டாக் கோப்புக்குள்ளேயே எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் வாட் பிரிக்கும் நாலு வரியைச் சோதிக்கக்கூட ஏர்ஃப்ளோ முழுவதையும் எழுப்ப வேண்டிவரும். தேதி கணக்கிடுவது, தொகையைப் படிப்பது, வரி பிரிப்பது எல்லாம் ஏர்ஃப்ளோவைப் பற்றி எதுவும் தெரியாத சாதாரண பைத்தான் ஃபங்ஷன்களாக இருக்கட்டும். டாக் கோப்பு அவற்றைக் கோத்துக் கொடுக்கும் நூல், அவ்வளவுதான்.

சோதனைக்கு, பைத்தான் சோதனைகளை ஓட்டும் கருவியான பைட்டெஸ்ட் போதும். ஏர்ஃப்ளோவின் வீட்டுக் கோப்புறையைச் சோதனைக்கென்று ஒரு தற்காலிக இடத்துக்கு மாற்றி, உதாரண டாக்குகளை ஏற்றும் அமைப்பை அணைத்து, ஒருமுறை தரவுத்தளத்தை உருவாக்கும் கட்டளையை ஓட்டுங்கள். 2.7 பதிப்பு முதல் அதன் பெயர் ‘டிபி மைக்ரேட்’, அதற்கு முன் ‘டிபி இனிட்’. எஸ்க்யூலைட் கோப்பு ஒன்று உருவாகும், சோதனைக்கு அது தாராளம். உதாரண டாக்குகளை அணைக்க மறந்தால், நீங்கள் எழுதாத பல டாக்குகள் எண்ணிக்கையில் கலந்து குழப்பும்.

முதல் சோதனை: ஏறுகிறதா?

எழுதுவதற்கு மிக எளிது இதுதான், பத்து வரிகூட ஆகாது. ஏர்ஃப்ளோவில் ‘டாக்பேக்’ என்று ஒரு கிளாஸ் இருக்கிறது. கோப்புறையைக் கொடுத்தால் அதிலுள்ள பைத்தான் கோப்புகளை ஷெட்யூலர் (வேலைகளை நேரத்துக்குத் தொடங்கி வைக்கும் பகுதி) படிப்பதுபோலவே படித்து, கிடைத்த டாக்குகளைச் சேகரிக்கும். படிக்க முடியாதவற்றை ‘இம்போர்ட் எரர்ஸ்’ என்ற அகராதியில் போடும். அந்த அகராதி காலியாக இருக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதினால் முதல் சோதனை தயார். காற்புள்ளி விட்டுப்போனது, தொகுப்பின் பெயர் தவறானது, அம்புகள் சுற்றி வந்தது, வெவ்வேறு கோப்புகளில் ஒரே பெயரில் இரண்டு டாக் இருப்பது, எல்லாம் இதில் சிக்கிவிடும். தோல்வியடைந்தால் அகராதியின் உள்ளடக்கத்தையே பிழைச் செய்தியாகக் காட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எந்தக் கோப்பு என்று தேட வேண்டியிருக்கும்.

பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பிழை அகராதி காலியாக இருப்பதால் மட்டும் உங்கள் டாக் உள்ளே வந்துவிட்டது என்று ஆகாது. மூன்று வழிகளில் ஒரு டாக் சத்தமில்லாமல் காணாமல் போகும்.

டாக் டெகரேட்டரைப் போட்டு ஃபங்ஷனை எழுதிவிட்டு, கடைசி வரியில் அதை அழைக்க மறப்பது முதல் வழி. கோப்பு பிழையின்றிப் படிக்கப்படும், டாக் பிறக்காது. இரண்டாவது, ஏர்ஃப்ளோவின் பாதுகாப்பு முறை: ஒரு கோப்பில் ‘ஏர்ஃப்ளோ’, ‘டாக்’ என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களும் எங்காவது இல்லாவிட்டால் அதைத் திறந்துகூடப் பார்க்காது. சொந்த உதவி நிரல் மூலம் டாக்கை உருவாக்கும் குழுக்கள் இதில் மாட்டிக்கொள்ளும். மூன்றாவது, ஒரே கோப்பில் சுழற்சி போட்டு ஐந்து கிளைக்கு ஐந்து டாக் உருவாக்கும்போது பெயரில் கிளையைச் சேர்க்க விட்டுவிடுவது. ஐந்தும் ஒரே பெயரில் பிறந்து, ஏதோ ஒன்று மற்ற நான்கையும் விழுங்கிவிடும். ஒரே கோப்புக்குள் நடப்பதால் பெயர் மோதல் பிழை வராது. உதாரணமாக மாஹேபூர்க் இருக்கும், மற்ற நான்கு கிளைகள் இருக்காது.

ஆகவே எதிர்பார்க்கும் டாக் பெயர்களின் பட்டியலைச் சோதனைக் கோப்பில் எழுதி வைத்து, கிடைத்த பட்டியலோடு ஒப்பிடுங்கள். புது டாக் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் பட்டியலையும் திருத்த வேண்டியிருப்பது சிறு தொந்தரவுதான். அந்தத் தொந்தரவு தேவையானது.

படிக்கும் நேரத்தையும் அளந்து பாருங்கள். ஷெட்யூலர் பக்கம் ஒரு கோப்பைப் படிக்க இயல்பாக 30 விநாடிதான் அனுமதி, அதைத் தாண்டினால் கைவிடும். அதே கோப்பை ஏறத்தாழ 30 விநாடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் படிக்கவும் செய்யும். டாக் கோப்பின் மேல்மட்டத்தில், அதாவது எந்த ஃபங்ஷனுக்கும் உள்ளே இல்லாமல், தரவுத்தளத்தை அழைக்கும் ஒரு வரி இருந்தால் அந்த அழைப்பு நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு கோப்புக்கு 2 விநாடி என்று வரம்பு வைத்துச் சோதனை எழுதினால் இந்தத் தவறு அன்றே பிடிபடும். ஏர்ஃப்ளோ வேரியபிளை, அதாவது ஏர்ஃப்ளோவிலேயே சேமித்து வைக்கும் அமைப்பு மதிப்பை, மேல்மட்டத்தில் கேட்பதும் இதே தவறுதான். சோதனைக் கணினியில் அந்த வேரியபிள் இருக்காது என்பதால் கோப்பே படிக்கப்படாமல் விழும். அப்போது வேரியபிளைச் சோதனைக் கணினியில் உருவாக்கி வாயை அடைக்காதீர்கள். டெம்ப்ளேட் (இரட்டை அடைப்புக்குறிக்குள் எழுதி, ஓடும்போது ஏர்ஃப்ளோ நிரப்பும் இடம்) வழியாக, வேலை ஓடும்போது மட்டும் படிக்குமாறு மாற்றுங்கள்.

இரண்டாவது: வடிவமும் வீட்டு விதிகளும்

இது சுருக்கமானது. ஒவ்வொரு டாக்கையும் எடுத்து, குழு ஒப்புக்கொண்ட விதிகளைக் கேளுங்கள். உரிமையாளர் பெயர் போட்டிருக்கிறதா? போடாவிட்டால் ‘ஏர்ஃப்ளோ’ என்றே நிற்கும், இரவில் யாரை எழுப்புவது என்று தெரியாது. மறுமுயற்சி எண்ணிக்கை குறைந்தது 1 ஆவது உண்டா? இயல்பு மதிப்பு 0. ஏற்றும் வேலைக்கு முன்னால் வாட் பிரிக்கும் வேலை இருக்கிறதா? அம்புகளை முழுமையாக எழுதி ஒப்பிடாதீர்கள். முழுவதையும் ஒப்பிட்டால் சோதனை டாக்கின் நகலாகிவிடும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டையும் திருத்திக்கொண்டிருப்பீர்கள். இடம் மாறினால் தரவு கெடும் என்கிற இரண்டு மூன்று அம்புகளை மட்டும் பூட்டுங்கள்.

தொடக்கத் தேதி முதல் விட்டுப்போன ஓட்டங்களை எல்லாம் ஓட்டச் சொல்லும் கேட்ச்அப் அமைப்பை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஏர்ஃப்ளோ 2 இல் அதன் இயல்பு ‘ஆம்’, 3 இல் ‘இல்லை’. தொடக்கத் தேதியாக இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு நாளைப் போட்டு, இதை எழுதாமல் விட்டு, ஏர்ஃப்ளோ 2 சர்வரில் ஏற்றினால் எழுநூறுக்கும் மேற்பட்ட ஓட்டங்கள் வரிசையில் வந்து நிற்கும். இயல்பை நம்பாமல் ஒவ்வொரு டாக்கிலும் இது வெளிப்படையாக எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று விதி வையுங்கள்.

மூன்றாவது: தரவின் உள்ளே

உழைப்பில் பெரும்பங்கு இங்கே போக வேண்டும். சத்தமில்லாத தவறுகள் எல்லாம் இங்கேதான் குடியிருக்கின்றன. ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஐந்தாறு வரி கொண்ட சிறு கோப்பைக் கையால் எழுதுங்கள். விடையையும் கையால் கணக்கிட்டு எழுதுங்கள். நிரலை ஓட்டி வந்த விடையை அப்படியே எடுத்து ‘எதிர்பார்ப்பது’ என்று ஒட்டினால், நிரலின் தவறையே சரியென்று பதிவு செய்துவிடுவீர்கள்.

மொரிசியஸில் வரும் கோப்புகளுக்கென்று சில குணங்கள் உண்டு. ஒரு கிளையின் கணினி ஆங்கில அமைப்பில் இருக்கும், இன்னொன்று பிரெஞ்சு அமைப்பில். பிரெஞ்சு அமைப்பில் எக்செல் சேமித்த சிஎஸ்வியில் பத்திகளைப் பிரிப்பது அரைப்புள்ளி, தசமத்துக்குக் காற்புள்ளி. ஆயிரத்து இருநூற்றைம்பது ரூபாய் ஐம்பது சதம் என்பது 1 250,50 என்று வரும். நடுவில் இருக்கும் இடைவெளி பலசமயம் சாதாரண இடைவெளி அல்ல, வரி உடையாமல் காக்கும் சிறப்பு இடைவெளி எழுத்து. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, எண்ணாக மாற்றும்போது விழும். அதைவிட மோசமாக, காற்புள்ளியை ஆயிரப் பிரிப்பான் என்று எடுத்துக்கொண்டு நீக்கும் நிரல், 125050 என்று நூறு மடங்காக்கி ஏற்றிவிடும். தொகை படிக்கும் ஃபங்ஷனுக்கு இந்த இரண்டு வடிவங்களும், சிறப்பு இடைவெளி உள்ள ஒன்றும், காலியான ஒன்றும், கழித்தல் குறியோடு வரும் திருப்பித்தந்த பில் ஒன்றும் என ஐந்து வரி கட்டாயம் வேண்டும்.

பிறகு எழுத்துகள். மாஹேபூர்க் என்ற ஊரின் பெயரில் தலைக்கோடு போட்ட ஒரு பிரெஞ்சு எழுத்து இருக்கிறது. பழைய விண்டோஸ் முறையான 1252 இல் அது 1 பைட், யூடிஎஃப்-8 இல் 2 பைட். ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் படித்தால் பெயர் சிதையும், அல்லது படிப்பதே விழும். இன்னொரு நுட்பமும் உண்டு. அந்த எழுத்தை யூனிகோடில் ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், வெறும் எழுத்து ஒன்றும் தலைக்கோடு ஒன்றுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். முதல் வகையில் ஊர்ப்பெயரின் நீளம் 9, இரண்டாவதில் 10. திரையில் இரண்டும் ஒன்றேபோல் தெரியும். கிளைப் பட்டியலோடு இணைக்கும்போது பொருந்தாமல் போய், அந்தக் கிளையின் விற்பனை மொத்தமும் உதிர்ந்துவிடும். உள்ளே வரும் எல்லாச் சொற்களையும் முதல் படியிலேயே என்எஃப்சி என்ற ஒற்றைக் குறி வடிவத்துக்கு மாற்றுங்கள். இரண்டு வடிவத்திலும் ஊர்ப்பெயர் எழுதிய சோதனைக் கோப்பு ஒன்றை நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். இதே காரணத்தால் ஆட்பெயரை இணைப்புச் சாவியாக ஒருபோதும் வைக்காதீர்கள். ஆறுமுகம் என்ற ஒரே பெயரை இந்தத் தீவில் பிரெஞ்சு ஒலிப்புக்கு ஒரு விதமாகவும் ஆங்கில ஒலிப்புக்கு வேறு விதமாகவும் எழுதுகிறோம்.

பத்திகளை இடத்தை வைத்துப் படிக்காமல் தலைப்பை வைத்துப் படியுங்கள். வரிசை என்பது சின்ன விஷயமல்ல. ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்து இருந்த தமிழ், 1998 இல் இந்திக்குப் பின்னால் போய் அச்சானதால் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வேண்டி வந்ததை இங்குள்ள தமிழர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. தரவுக் கோப்பில் வரிசை மாறினால் எதிர்ப்புத் தெரிவிக்க யாரும் வரமாட்டார்கள், சோதனைதான் வர வேண்டும். பத்திகளை வேண்டுமென்றே கலைத்து வைத்த கோப்பு ஒன்றைக் கொடுத்து, அதே விடை வருகிறதா என்று பாருங்கள். ஒரு பத்தி இல்லாமலே போன கோப்புக்கு, எந்தப் பத்தி இல்லை என்று பெயரோடு சொல்லி நிற்கிறதா என்றும் பாருங்கள்.

வாட் இங்கே 15 சதவீதம். வரி சேர்ந்த விலை 1150 ரூபாய் என்றால் வரி 150. 1150 இல் 15 சதவீதம் என்று நேராகப் பெருக்கினால் 172.50 வரும், அது தவறு. 115 ஆல் வகுத்து 15 ஆல் பெருக்க வேண்டும். 100 ரூபாய் பில்லுக்கு வரி 13.04. வரி பூச்சியமான பொருள் உள்ள பில் ஒன்றும், இரண்டும் கலந்த பில் ஒன்றும் சோதனையில் இருக்கட்டும். பணத்துக்கு மிதவைப் புள்ளி எண்ணைப் பயன்படுத்தாமல் டெசிமல் வகையைப் பயன்படுத்துங்கள், முழுமையாக்கும் முறையையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். பைத்தானின் சாதாரண ரவுண்ட், சரிபாதியில் நிற்கும் எண்ணை இரட்டைப்படை இலக்கத்தை நோக்கித் தள்ளும். 0.125 ஐ இரண்டு தசமத்துக்குக் கேட்டால் 0.13 கொடுக்காது, 0.12 கொடுக்கும். ஒரு பில்லில் ஒரு சதம் ஒன்றுமில்லை. ஆயிரக்கணக்கான பில்களின் மொத்தம் கிளையின் காகிதக் கணக்கோடு ஒத்துப்போகாது.

தேதியை நாள், மாதம், வருடம் என்ற வரிசையில்தான் எழுதுகிறோம். அட்டவணைத் தரவைப் படிக்கும் பைத்தான் தொகுப்பான பாண்டாஸிடம் அதைச் சொல்லாவிட்டால் 03/02/2025 ஐ மார்ச் 2 என்று படிக்கும். சோதனைத் தரவில் 25/02 போன்ற தேதியை மட்டும் வைத்தால் இந்தத் தவறு தெரியவே தெரியாது, ஏனென்றால் 25 ஆவது மாதம் கிடையாது. 12 அல்லது அதற்குக் குறைந்த நாளைத்தான் வைக்க வேண்டும். வடிவத்தை ஊகிக்க விடாமல் எழுதியே கொடுத்துவிடுங்கள்.

நான்கு மணி நேரம்

நேர மண்டலத்துக்குத் தனித் தலைப்பு தருவதற்குக் காரணம் உண்டு. மொரிசியஸ் நேரம் உலகப் பொது நேரத்துக்கு 4 மணி முன்னால். ஜூலை 1 அதிகாலை 1.30க்கு கிராண்ட் பேயில் போட்ட பில், பொது நேரப்படி ஜூன் 30 இரவு 9.30. பொது நேரத் தேதியை வைத்துக் கூட்டினால் ஜூலை விற்பனை ஜூன் வாட் கணக்கில் விழும். உணவகமோ அதை ஜூன் 30 இரவு வியாபாரமாகவே பார்க்கலாம். வரிக்கு எந்தத் தேதி, உள் அறிக்கைக்கு எந்தத் தேதி என்று கணக்குப் பிரிவிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். அந்தப் பதிலே உங்கள் சோதனையின் எதிர்பார்ப்பு.

ஏர்ஃப்ளோவில் ‘டிஎஸ்’ என்ற டெம்ப்ளேட் மதிப்பு தேதியைத் தரும். அது டாக்கின் நேர மண்டலத்தைப் பார்க்காமல் பொது நேரத்தில் தரும். ஏர்ஃப்ளோ 2 இல் பாய்வைத் தினமும் மொரிசியஸ் நேரம் அதிகாலை 5க்கு வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். ஜூலை 2 காலை 5க்குத் தொடங்கும் ஓட்டத்தின் இடைவெளி, அதாவது அது கணக்கில் எடுக்கும் காலம், ஜூலை 1 காலை 5 முதல். டிஎஸ் அந்தத் தொடக்கத்தின் தேதி. பொது நேரத்தில் அது ஜூலை 1 அதிகாலை 1 மணி, டிஎஸ் ஜூலை 1 என்று சரியாக வரும். அறிக்கை சீக்கிரம் வேண்டும் என்று யாரோ அதை அதிகாலை 3க்கு மாற்றுகிறார். இடைவெளியின் தொடக்கம் இப்போது ஜூலை 1 அதிகாலை 3, பொது நேரத்தில் ஜூன் 30 இரவு 11. டிஎஸ் ஜூன் 30 ஆகிவிட்டது. மாற்றியது ஒரு இலக்கம், எல்லாக் கட்டமும் பச்சை, தரவு முழுவதும் ஒரு நாள் தள்ளி நிற்கிறது. ஏர்ஃப்ளோ 3க்கு மாறும்போது இதே பள்ளம் வேறு வழியாக வரும். அங்கே சாதாரண க்ரான் அட்டவணைக்கு (ஓடும் நேரத்தைக் குறிக்கும் முறை) இயல்பாக இடைவெளி கிடையாது, ஓடும் கணமே ஓட்டத்தின் தர்க்கத் தேதி, டிஎஸ் அதிலிருந்துதான் வரும். முந்தைய நாளைத் தரும் என்று நம்பிய நிரல் இன்றைய நாளை எடுத்துவிடும்.

இதற்குத் தீர்வு, ஓட்டத்தின் நேரத்தை வாங்கிக்கொண்டு வணிகத் தேதியைத் திருப்பித்தரும் ஒரே ஒரு ஃபங்ஷன். பாய்வில் வேறு எங்கும் தேதி கணக்கிடக்கூடாது. அதற்கு ஒரு சோதனை அட்டவணை எழுதுங்கள்: பகல் 12 மணி, இரவு 11.59, நள்ளிரவு 12.00, அதிகாலை 3.59, 4.00, மாதக் கடைசி, டிசம்பர் 31, பிப்ரவரி 29. இவற்றோடு 2009 ஜனவரியில் ஒரு நாள். 2008 அக்டோபர் முதல் 2009 மார்ச் வரை மொரிசியஸ் கோடைகால நேரத்தைச் சோதித்துப் பார்த்தது. அந்த மாதங்களில் வித்தியாசம் 5 மணி. பிறகு அது தொடரவில்லை. 4 ஐக் கையால் கூட்டும் நிரல் அந்த வரியில் விழும், ‘இந்தியன் மொரிசியஸ்’ மண்டலத்தை முறையாகப் பயன்படுத்தும் நிரல் விழாது. பழைய தரவு உங்களிடம் இல்லாவிட்டாலும் அந்த வரி இருக்கட்டும், நிரல் எந்த வழியில் கணக்கிடுகிறது என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

டெம்ப்ளேட்டுகளைப் பற்றி இரண்டு வார்த்தை. அவற்றில் எழுத்துப்பிழை இருந்தால் கோப்பு ஏறும்போது தெரியாது, வேலை ஓடும்போதுதான் விழும். எஃப்-ஸ்ட்ரிங்குக்குள் டெம்ப்ளேட் எழுதினால் இரட்டை அடைப்புக்குறி ஒற்றையாகச் சுருங்கி, டெம்ப்ளேட் வேலை செய்யாது. டெம்ப்ளேட்டை ஏற்காத புலத்தில் எழுதினால் அடைப்புக்குறியோடு அப்படியே போய், அடைப்புக்குறி பெயரிலேயே கோப்பு உருவாகும். ஒரு குறிப்பிட்ட தேதிக்கு டெம்ப்ளேட்டை நிரப்பி, வந்த சொல்லில் அடைப்புக்குறி எதுவும் மிச்சமில்லை என்று பார்க்கும் சோதனை மூன்றில் இரண்டைப் பிடிக்கும். எழுத்துப்பிழை நிரப்பும்போதே விழுந்துவிடும்.

கோப்பு வராத நாள்

தைப்பூசக் காவடிக்கு எல்லாக் கிளையும் திறந்திருக்குமா? ஈத் பண்டிகை நாள் பிறை பார்த்தபின்தான் உறுதியாகும். புயல் வகுப்பு 3 எச்சரிக்கை வந்தால் முன்கூட்டிய பட்டியல் எதுவும் உதவாது. 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலில் போர்ட் லூயி தெருக்களில் வெள்ளம் கார்களை இழுத்துச் சென்றது. அப்படிப்பட்ட நாளில் சில கிளையிலிருந்து கோப்பு வராது, மின்சாரம் வந்தபின் மூன்று நாள் விற்பனை ஒரே கோப்பில் வரும்.

எனவே விடுமுறை நாட்களை டாக் கோப்பில் எழுதாமல் ஒரு அட்டவணையில் வைத்துப் படியுங்கள். சோதனையில் நான்கு நிலைமைகள் வேண்டும்: ஐந்து கோப்பும் வந்தது, ஒன்று வரவில்லை, எதுவும் வரவில்லை, ஒரு கோப்பில் மூன்று நாள் தரவு. எதுவும் வராத விடுமுறை நாளில் பாய்வு தோல்வியடையக்கூடாது, தாண்டிச் செல்ல வேண்டும். சாதாரண நாளில் எதுவும் வராவிட்டால் தாண்டக்கூடாது, தோல்வியடைய வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒவ்வொரு வேலையின் இயல்பான தூண்டல் விதி ‘முன்னவை எல்லாம் வெற்றி’ என்பது. மாஹேபூர்க் கிளையின் வேலை தாண்டப்பட்டால், ஐந்தையும் கூட்டும் வேலையும் தாண்டப்படும், அதன் பின்னால் உள்ளவையும் தாண்டப்படும். எங்கும் சிவப்பு இல்லை, நான்கு கிளையின் தரவும் ஏறவில்லை. கூட்டும் வேலைக்கு ‘எதுவும் தோல்வியில்லை, ஒன்றாவது வெற்றி’ என்ற விதியைக் கொடுக்க வேண்டும். வடிவச் சோதனையில் பூட்டி வைக்க வேண்டியவற்றில் இது முதலாவது.

இரண்டு முறை ஓட்டுங்கள்

2.5 பதிப்பு முதல் டாக்குக்கு ‘டெஸ்ட்’ என்ற மெத்தட் இருக்கிறது. ஷெட்யூலர் இல்லாமல், ஒரே பைத்தான் செயல்முறைக்குள் முழு டாக்கையும் ஓட்டும். தற்காலிகக் கோப்புறையில் ஐந்து சிறு சிஎஸ்வி, கிடங்குக்குப் பதிலாக டாக்கரில் ஒரு போஸ்ட்கிரெஸ். ஓட்டி முடித்து வரிசைகளை எண்ணுங்கள். பிறகு அதே தேதிக்கு இன்னொரு முறை ஓட்டி மறுபடி எண்ணுங்கள். எண்ணிக்கை மாறக்கூடாது. இரட்டித்தால், ஏற்றும் வேலை சும்மா சேர்த்துக்கொண்டே போகிறது என்று பொருள். மறுமுயற்சி ஒன்று நடந்தால் போதும், விற்பனை இரண்டு மடங்காகிவிடும். அந்தத் தேதிக்குரியதை நீக்கிவிட்டுச் சேர்ப்பதை ஒரே பரிவர்த்தனைக்குள் செய்யுங்கள், அல்லது பில் எண்ணை வைத்து மேலெழுதுங்கள்.

சோதனைத் தரவுக்கு உண்மையான வாடிக்கையாளர் கோப்பை நகலெடுத்து, பெயரை மட்டும் அழித்துப் பயன்படுத்தாதீர்கள். போன் எண்ணும் அடையாள அட்டை எண்ணும் மிச்சமிருக்கும், கிட் வரலாற்றில் என்றென்றும் இருக்கும். 2017 தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கும் பொருந்தும். எல்லாவற்றையும் கற்பனையாக எழுதுங்கள்.

தானாக ஓட வைப்பது

கைவசம் சோதனை இருந்தால் போதாது, யாரும் மறக்க முடியாதபடி அது ஓட வேண்டும். நிரல் மாறும்போதெல்லாம் சோதனைகளைத் தானாக ஓட்டும் கிட்ஹப் ஆக்ஷன்ஸ், கிட்லேப் எதுவானாலும் வரிசை ஒன்றுதான்: நிரலைச் சரிபார்க்கும் ரஃப், ஏறுகிறதா என்ற சோதனை, விதிகள், ஃபங்ஷன் சோதனைகள், கடைசியில் முழு ஓட்டம். சீக்கிரம் முடிவது முதலில் வர வேண்டும். முழு ஓட்டம் தவிர மற்ற எல்லாம் சேர்ந்து 2, 3 நிமிடத்துக்குள் முடியாவிட்டால் ஆட்கள் காத்திருக்க மாட்டார்கள், சுற்றுவழி தேடுவார்கள். மெயின் பிராஞ்சைப் பூட்டி, சோதனை பச்சையாகாமல் இணைக்க முடியாதபடி செய்யுங்கள். சர்வரில் ஏற்றுவது அந்தப் பிராஞ்சிலிருந்து மட்டும் நடக்கட்டும்.

இந்த வரிசையை எழுதி வைக்கும் யாமல் கோப்பில் பைத்தான் பதிப்பை மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். வெறுமனே 3.10 என்று எழுதினால் யாமல் அதை எண்ணாக எடுத்து 3.1 ஆக்கிவிடும். சோதனைக் கோப்பின் பெயர் ‘டெஸ்ட்’ என்று தொடங்கி அடிக்கோடு வர வேண்டும், அல்லது அடிக்கோட்டுக்குப் பின் ‘டெஸ்ட்’ என்று முடிய வேண்டும். இல்லாவிட்டால் பைட்டெஸ்ட் அதைப் பொறுக்கி எடுக்காது, மற்றவை தேறிவிட்டதால் எல்லாம் சரி என்றே காட்டும். எத்தனை சோதனை ஓடியது என்ற எண்ணை ஒவ்வொரு முறையும் ஒரு பார்வை பாருங்கள்.

வெளி இணைப்புகளைப் போலியாக்கும்போது, ஃபங்ஷன் எழுதப்பட்ட இடத்தில் அல்ல, அதை இறக்குமதி செய்து பயன்படுத்தும் இடத்தில் மாற்ற வேண்டும். இடம் தவறினால் சோதனை உண்மையான சர்வரைத் தொடும். சோதனைக் கணினிக்கு நேரடிச் சர்வரின் கடவுச்சொல்லையே கொடுக்காமல் இருந்தால் இந்தத் தவறு உடனே தெரிந்துவிடும்.

எல்லாம் அமைந்த பிறகு ஒரு மணி நேரம் ஒதுக்கி நிரலை வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு கெடுதல். வாட் வகுத்தலில் 115 ஐ 100 ஆக்குங்கள். கூட்டும் வேலையின் தூண்டல் விதியை நீக்குங்கள். ஏற்றும் வேலையில் நீக்கும் வரியை எடுத்துவிடுங்கள். அட்டவணையை 5 இலிருந்து 3க்கு மாற்றுங்கள். நேர மண்டலத்தை எடுத்துவிட்டு 4 மணி நேரத்தைக் கையால் கூட்டுங்கள். எதைக் கெடுத்தபோது சிவப்பு வரவில்லையோ, அடுத்து எழுத வேண்டிய சோதனை அங்கே இருக்கிறது.